ஏஎம்எச்பி ட்ரெயினிங் போறதா வேணாமா? போனவங்க யாராவது சொல்லுங்களேன்

கடலூர்_பொண்ணு

வணக்கம் எல்லாருக்கும். நான் ஊர்ல எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சவ, மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் ஸ்பெஷலைசேஷன். மூணு வருஷம் முன்னாடி இங்கிலாந்து வந்து சோஷியல் வொர்க் இங்லண்ட்ல ரிஜிஸ்டர் பண்ணி ஒரு கவுன்சில் அடல்ட் டீம்ல இருக்கேன். கேர் ஆக்ட் அசெஸ்மென்ட், சேஃப்கார்டிங், யாருக்கு எத்தனை மணி நேரம் கேரர் வேணும், இதுலயே நாள் ஓடுது. போன வாரம் சூப்பர்விஷன்ல மேனேஜர் திடீர்னு "அடுத்த ஏஎம்எச்பி பேட்ச்சுக்கு உன் பேர குடுக்கட்டுமா"ன்னு கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன், அன்னைலருந்து தூக்கம் இல்ல.

இந்த ஊர் சிஸ்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: இங்க ஒருத்தர அவர் விருப்பம் இல்லாம மனநல ஆஸ்பத்திரில சேக்கணும்னா ரெண்டு டாக்டர் ரெகமண்டேஷன் எழுதுவாங்க, ஆனா அப்ளிகேஷன்ல கையெழுத்து போடுறது டாக்டர் இல்ல, அப்ரூவ்டு மென்டல் ஹெல்த் ப்ரொஃபஷனல், அதான் ஏஎம்எச்பி. ஆபீஸ்ல சுருக்கமா "ஆம்ப்"னு சொல்றாங்க. அதுக்குத்தான் யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் லெவல்ல ஒரு கோர்ஸ், கவுன்சிலே ஃபீஸ் கட்டும்.

என் பிரச்சனை என்னன்னா நான் சட்டம்னு ஒண்ணு படிச்சதே இல்ல, எம்.எஸ்.டபிள்யூ.ல ஒரு பேப்பர்ல வந்துச்சு, எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கே மறந்தாச்சு. பையனுக்கு ஆறு வயசு, வீட்டுக்காரர் ஷிஃப்ட் வேலை. இதெல்லாம் கூட சமாளிச்சுக்கலாம். ஒருத்தர வீட்லருந்து ஆம்புலன்ஸ்ல ஏத்துற பேப்பர்ல என் கையெழுத்தா, அதுதான் உள்ள ஒரு மாதிரி பண்ணுது. கோர்ஸ் எப்படி இருக்கும், நிஜமாவே சட்டம் அவ்ளோ கஷ்டமா, முடிச்சவங்க சந்தோஷமா இருக்கீங்களா?

பருத்தித்துறை_பெடியன்

தங்கச்சி, நான் லண்டன் பக்கம் 2011ல செய்தனான், இப்பவும் டூட்டி ரோட்டாவில இருக்கிறன். ஆறுதலா வாசியுங்கோ, கொஞ்சம் நீட்டா எழுதப்போறன்.

முதல்ல பயம் போக ஒண்டு சொல்லுறன். உங்கட மேனேஜர் கேட்டவ எண்டா அவ ஏற்கனவே உங்களை பாத்து வச்சிருக்கிறா எண்டு அர்த்தம். இந்த கோர்ஸுக்கு சும்மா ஒன்லைன்ல அப்ளை பண்ணி சேர ஏலாது, வேலை குடுக்கிறவைதான் நொமினேட் பண்ணவேணும். வழக்கமா குவாலிஃபை பண்ணி ரெண்டு வருசமாவது வேலை செய்திருக்கவேணும் எண்டு கேப்பினம், அது உங்களிட்ட இருக்கு. பேர்மிங்ஹாம், பிரைட்டன் மாதிரி யுனிவர்சிட்டியள்ள இந்த கோர்ஸ் நடந்து வந்திருக்கு, ஆனா உங்கட கவுன்சில் எந்த யுனிவர்சிட்டியோட ஒப்பந்தம் வச்சிருக்கோ அங்கதான் நீங்கள் போவியள், தெரிவு உங்கட கையில இல்லை. கோர்ஸை அப்ரூவ் பண்ணுறது சோஷியல் வொர்க் இங்லண்ட். நான் செய்யேக்க வேற ஆக்கள், அதுக்குப் பிறகு ரெண்டு தரம் கை மாறிட்டுது.

படிப்பு எப்பிடி எண்டா, 2008 ரெகுலேஷன்ஸில அஞ்சு தலைப்பு இருக்கு: விழுமியங்கள், சட்டமும் கொள்கையும், மனநோய் பற்றின அறிவு, மற்ற ஆக்களோட சேந்து வேலை செய்யிறது, முடிவெடுத்து அதை விளக்கமா சொல்லுறது. இந்த அஞ்சிலயும் நீங்கள் தேர்ச்சி எண்டு போர்ட்ஃபோலியோவில காட்டவேணும். கொஞ்ச கிழமை வகுப்பு, பேந்து பிளேஸ்மென்ட். முதல்ல ஒரு ஆம்புக்குப் பின்னால வால் மாதிரி திரிவியள், பிறகு நீங்கள் முன்னுக்கு, அவ பின்னுக்கு. முடிச்சாலும் உடன வேலை இல்லை, கவுன்சில் ஒரு பேனல் வச்சு கேள்வி கேட்டு அப்ரூவ் பண்ணினாத்தான் "வாரன்ட்" எண்டுற அனுமதி கிடைக்கும். அது அஞ்சு வருசத்துக்கு, ஒவ்வொரு வருசமும் 18 மணித்தியாலம் ட்ரெயினிங் செய்யாட்டி அதுவும் சிக்கல்.

சட்டம் கஷ்டமோ எண்டு கேட்டியள். 1983ம் ஆண்டு மென்டல் ஹெல்த் ஆக்ட், 2007ல திருத்தினது. முழுதையும் பாடமாக்க ஏலாது, ஒருத்தரும் செய்யிறேல்லை, வருசா வருசம் வாற தடிச்ச மேனுவல் ஒண்டு எல்லா ஆபீஸிலயும் கிடக்கும். ஆனா சில நம்பர் வாய்ப்பாடு மாதிரி வரவேணும். செக்‌ஷன் 2 எண்டா 28 நாள் அசெஸ்மென்ட். 3 எண்டா ஆறு மாசம் வரைக்கும் ட்ரீட்மென்ட். 4 எண்டா அவசரம், ஒரு டொக்டர் காணும், 72 மணித்தியாலம். 136 பொலிஸ் கூட்டிக்கொண்டு வாறது, முந்தி 72 மணித்தியாலம் வச்சிருக்கலாம், 2017 டிசம்பரில 24 ஆக்கிப்போட்டாங்கள். 135 எண்டா கதவைத் திறக்க மாஜிஸ்ட்ரேட்டிட்ட வாரன்ட். இது ரெண்டு மாசத்தில நாக்கில வந்திடும்.

உண்மையில படிக்கவேண்டியது செக்‌ஷன் 13. அதில என்ன இருக்கெண்டா, அப்ளிகேஷன் போடுறது தேவையோ எண்டு *நீங்கள்* திருப்திப்படவேணும், ஆளை நேர நேர்காணல் செய்யவேணும், அதுவும் அவருக்கு பொருத்தமான முறையில. ரெண்டு கொன்சல்டன்ட் கையெழுத்து போட்டு நீட்டினாலும் நீங்கள் "நான் அப்ளிகேஷன் போடேல்ல" எண்டு சொல்லலாம். உங்கட மேனேஜர் கூட "செக்‌ஷன் பண்ணு" எண்டோ "பண்ணாத" எண்டோ சொல்ல ஏலாது, முடிவு உங்கட. எங்கட ஊரில டொக்டர் சொல்லி அதுக்கு மறுப்புச் சொல்லிப் பழக்கம் இருக்கோ? எனக்கு இருக்கேல்லை. பிளேஸ்மென்ட்ல ஒரு பெரிய டொக்டர் என்னைப் பாத்து "சோ, யூ ஆர் ஹேப்பி" எண்டார், அது கேள்வியே இல்லை, நான் தலையாட்டிப் போட்டன். வெளிய வந்தாப்பிறகு என்ர பிராக்டிஸ் எஜுகேட்டர், பிளேஸ்மென்ட்ல என்னைப் பழக்கினவ, கேட்டா, நீ எதுக்கு சம்மதிச்சனி, ஏன் சம்மதிச்சனி, வேற வழி என்ன பாத்தனி எண்டு. மூண்டுக்கும் என்னட்ட பதில் இல்லை. அண்டைக்கு ராத்திரி முழுக்க குந்தியிருந்து ரிப்போர்ட்டை திருப்பி எழுதினன்.

இனி எங்கட ஆக்கள் வழுக்கி விழுற இடம் சொல்லுறன். செக்‌ஷன் 26, நியரஸ்ட் ரிலேட்டிவ். "நெருங்கின சொந்தம்" எண்டு நீங்களும் நானும் நினைக்கிறது வேற, சட்டம் நினைக்கிறது வேற. சட்டத்தில ஒரு வரிசை இருக்கு: புருசன் பெண்சாதி, பிள்ளையள், தாய் தேப்பன், கூடப்பிறந்தது, பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளை, மாமா மாமி சித்தப்பா வகை, மருமகன் மருமகள் (அதுதான் கூடப்பிறந்ததுகளின்ர பிள்ளையள்) வகை. ஒரே படியில ரெண்டு பேர் எண்டா மூத்தவர். நோயாளியோட ஒண்டா இருக்கிறவர் அல்லது பராமரிக்கிறவர் எண்டா மேல வந்திடுவார். ஒண்டவிட்ட அண்ணன் தம்பி, அதுதான் கசின், இந்த வரிசையில *இல்லவே இல்லை*. சித்தப்பா எண்டா அப்பாட தம்பி வருவார், சித்தியைக் கட்டின சித்தப்பா வரமாட்டார்.

என்ர ட்ரெயினிங் காலத்தில ஒரு தமிழ் பெடியன், விவரங்களை மாத்தித்தான் எழுதுறன். கலியாணம் கட்டேல்லை, தனிய இருக்கிறவர். அண்ணா எண்டு ஒருத்தர் வந்து எல்லாம் பாத்தார், டொக்டரோட கதைச்சார், அழுதார். செக்‌ஷன் 3க்கு முதல் நியரஸ்ட் ரிலேட்டிவோட கதைக்கவேணும், அவர் மறுத்தா அப்ளிகேஷன் போட ஏலாது. நான் அந்த அண்ணாவோட கதைச்சு அவர் ஓம் எண்டிட்டார் எண்டு எழுதிப்போட்டன். எஜுகேட்டர் வெள்ளைக்காரி, தமிழ் ஒரு சொல்லு தெரியாது, அவதான் கேட்டா "சேம் மதர், சேம் ஃபாதர்?" எண்டு. திரும்பிப் போய்க் கேட்டா, பெரியப்பாட மகன்! சரி அம்மா எங்க, யாழ்ப்பாணத்தில. இங்க குடியிருக்கிற ஆளுக்கு வெளிநாட்டில குடியிருக்கிற சொந்தம் கணக்கில வராது, ஆக அம்மா இல்லை. கூடப்பிறந்த மூத்த அண்ணன் பாரிஸில, அவரும் இல்லை. கடைசியில பாத்தா லெஸ்டரில ஒரு தங்கச்சி, ரெண்டு வருசமா கதை பேச்சு இல்லை, அவதான். ஃபோன் எடுத்தா அந்தப் பிள்ளைக்கு தமையன் வருத்தமா இருக்கிறதே தெரியாது.

இது சின்ன விசயம் எண்டு நினைக்காதையுங்கோ. 2011ல ஹாக்னி கவுன்சில் கேஸ் ஒண்டு அப்பீல் கோர்ட்டுக்குப் போச்சு. நோயாளியின்ர சகோதரன் மறுத்தவர், அந்த ஆம்ப் அவர் இப்ப மறுக்கேல்ல எண்டு நல்லெண்ணத்தோட விளங்கிக்கொண்டு போட்ட அப்ளிகேஷன். அடைச்சு வச்சது சட்டவிரோதம் எண்டு தீர்ப்பு, கவுன்சில் நட்டஈட்டுக்கு பொறுப்பு. நல்ல மனசு மட்டும் இருந்தா காணாது எண்டதுக்கு வகுப்பில இதைத்தான் முதல் காட்டினவை.

நைட்_ஷிஃப்ட்_மதுரை

நான் நர்ஸ், சோஷியல் வொர்க்கர் இல்ல, ஆனா ஆம்ப். 2007 திருத்தத்துக்கு அப்புறம் மென்டல் ஹெல்த் நர்ஸ், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட்டும் பண்ணலாம், டாக்டர் மட்டும் கூடாது. இருந்தாலும் என் பேட்ச்ல நான் ஒருத்தன்தான் நர்ஸ், மத்த எல்லாருமே சோஷியல் வொர்க்கருங்க.

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனா அவரு சொல்லாத ஒண்ணு, பெட். நீங்க முடிவெடுத்துட்டீங்க, டாக்டர் ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டு கார் ஏறி போயிட்டாங்க, அப்ளிகேஷன்ல ஆஸ்பத்திரி பேரு எழுதணும், பெட் எங்கயும் இல்லன்னா என்னத்த எழுதுவீங்க? அதனால அப்ளிகேஷன் முடியாது. அந்த வீட்டு ஹால்ல சோஃபால உக்காந்துகிட்டு பெட் மேனேஜருக்கு ஃபோன் போட்டுகிட்டே இருக்கணும், ராத்திரி ரெண்டு மணி, வீட்டுக்காரங்க டீ போட்டுக் குடுக்குறாங்க, அந்த மனுஷன் எதிர்ல உக்காந்து "எப்ப கூட்டிட்டு போவீங்க"ன்னு கேக்குறாரு. நான் எதுக்கும் அழமாட்டேன், அன்னைக்கு காருக்குள்ள வந்து அழுதேன்.

காசு பத்தி: அலவன்ஸ் உண்டு, கவுன்சிலுக்கு கவுன்சில் மாறும், அதை மட்டும் பாத்து போறவங்க ஒரு வருஷத்துல ரோட்டாலருந்து கழண்டுக்குவாங்க. ஒத்துக்குறதுக்கு முன்னாடி மேனேஜர்ட்ட கேளுங்க, கோர்ஸ் நேரத்துல உங்க கேஸ்லோட யாரு பாப்பா, எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. எனக்கு வாயால சொன்னாங்க. கோர்ஸ்ல அசைன்மென்ட் எழுதிட்டிருக்கேன், பழைய பேஷன்ட்டோட டிப்போ ஊசி டேட் எங்கன்னு மெசேஜ் வருது.

போகாதீங்கன்னு சொல்லல. நான் இன்னொரு தடவை சான்ஸ் குடுத்தாலும் போவேன்.

கடலூர்_பொண்ணு

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, அந்த பெரியப்பா பையன் கதை படிச்சிட்டு நான் சிரிச்சதா பயந்ததான்னே தெரியல, ஏன்னா நானும் அதையேதான் பண்ணிருப்பேன், எங்க வீட்ல யார கேட்டாலும் "என் அண்ணன்"னு சித்தப்பா பையனத்தான் காட்டுவோம்.

இன்னொரு சந்தேகம். எங்க ஏரியால தமிழ் குடும்பம் நிறைய. நான் ஆம்ப் ஆனா தமிழ் கேஸ் எல்லாம் என் தலைல தான் வந்து விழும்னு தோணுது. அது நல்லதா? கோயில்ல பாக்குற குடும்பமா இருந்தா என்ன பண்றது? நானே தமிழ்ல பேசினா இன்டர்ப்ரிட்டர் வேணாமா?

பருத்தித்துறை_பெடியன்

வரும் தங்கச்சி, கட்டாயம் வரும். நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு.

நல்லது என்னெண்டா, ஒரு அம்மா "மண்டைக்குள்ள யாரோ கதைக்கினம்" எண்டு சொல்லுறதுக்கும் "மண்டைக்குள்ள யோசனை ஓடிக்கொண்டே இருக்கு" எண்டு சொல்லுறதுக்கும் வித்தியாசம் உங்களுக்கு விளங்கும். இன்டர்ப்ரிட்டர் அவசரத்தில ரெண்டையும் "வாய்சஸ்" எண்டு மொழிபெயர்த்துப்போட்டு போனதை நான் கேட்டிருக்கிறன். செய்வினை, கண்ணூறு எண்டு கதைச்சவுடன டொக்டர் "டெலூஷன்" எண்டு எழுதுவார், குடும்பமே அதை நம்புதோ, இவர் மட்டும் தனிய நம்புறாரோ எண்டு கேக்க ஆள் வேணும். ஆனா நீங்கள் தமிழில கேட்டாலும் டொக்டருக்கு இன்டர்ப்ரிட்டர் வேணும். நீங்களே ரெண்டு வேலையும் செய்ய வெளிக்கிட்டா உங்கட நேர்காணலும் கெடும், அவற்ற பரிசோதனையும் கெடும். வீட்டுக்காரரை வச்சு மொழிபெயர்க்கிறதும் கூடாது, அதுவும் வீட்டுக்குள்ளதான் பிரச்சனை எண்டா சொல்லவே தேவையில்லை.

கோயில் விசயம். கொன்ஃப்ளிக்ட் ஒஃப் இன்ட்ரெஸ்டுக்கு 2008ல தனி ரெகுலேஷனே இருக்கு, காசு, தொழில், உறவு எண்டு. கோயிலில கண்டு சிரிக்கிறது அதுக்குள்ள வராது. சட்டத்தில வராட்டியும் நான் டூட்டி மேனேஜரிட்ட சொல்லி வேற ஆளை கேப்பன். ஒருக்கா ஆள் இல்லாமல் நானே போனன், அந்த ஐயா ஆஸ்பத்திரியால வந்தாப்பிறகு நான் போற நேரம் கோயிலுக்கு வரமாட்டார். நான்தான் இப்ப கோயில் மாறிட்டன்.

எடின்பரோ_குடை

ஸ்காட்லாந்துலருந்து ஒரு குரல். இங்க ஆம்ப் கிடையாது, மென்டல் ஹெல்த் ஆஃபீசர், எம்எச்ஓ. 2003 சட்டம் தனி. இங்க சோஷியல் வொர்க்கர் மட்டும்தான் பண்ண முடியும், நர்ஸ் தம்பி மன்னிக்கணும். படிப்பும் போஸ்ட் கிராஜுவேட் தான், இதுவும் கவுன்சில் வழியா.

பெரிய வித்தியாசம் என்னன்னா, 28 நாள் ஷார்ட் டேர்ம் டிடென்ஷனுக்கு டாக்டர் சர்ட்டிஃபிகேட் போடுவார், நாங்க சம்மதம் குடுத்தாதான் செல்லும். அதுக்கு மேல கம்பல்சரி ட்ரீட்மென்ட் ஆர்டர் வேணும்னா ட்ரிப்யூனல் தான் குடுக்கணும், அப்ளிகேஷன் எம்எச்ஓ எழுதணும். அந்த அப்ளிகேஷன், கேர் பிளான், ரிப்போர்ட், அடேங்கப்பா, ஒரு தீசிஸ் மாதிரி இருக்கும். இன்னொண்ணு, மனநோய் இருந்தா மட்டும் போதாது, நோயால சிகிச்சை பத்தி முடிவெடுக்குற திறன் கணிசமா குறைஞ்சிருக்கணும்னு இங்க சட்டத்துலயே இருக்கு. இங்கிலாந்து 1983 சட்டத்துல அந்த கண்டிஷன் கிடையாது, அங்க முழு தெளிவோட "வேணாம்"னு சொல்றவரையும் சேக்கலாம். இத நான் லண்டன்ல வேலை பாத்த வரைக்கும் யோசிச்சதே இல்ல, இங்க வந்து தான் உறுத்துச்சு.

நியரஸ்ட் ரிலேட்டிவ் தொல்லையும் இல்ல, "நேம்டு பர்சன்"னு அவங்களே எழுதி வச்சுக்கலாம். இங்கிலாந்துலயும் அத மாத்தணும்னு சைமன் வெஸ்லி கமிட்டி 2018ல சொல்லி, 2024 நவம்பர்ல பார்லிமென்ட் மேல்சபைல கொண்டு வந்த மசோதால நாமினேட்டட் பர்சன்னு வச்சாங்க. தங்கச்சி நீங்க படிக்கிறப்போ பழசு புதுசு ரெண்டையும் சேத்தே படிக்க வேண்டி வரும்.

கீழ்ப்பாக்கம்_ஸ்டாப்

சென்னைலருந்து எழுதுறேன், பிஎஸ்டபிள்யூ, அதாவது சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர், உங்க த்ரெட் படிச்சு கொஞ்சம் பொறாமையா இருக்கு. நம்ம 2017 மனநல சட்டம், 2018 மே மாசம் அமலுக்கு வந்தது, பேப்பர்ல ரொம்ப நல்ல சட்டம். நாமினேட்டட் ரெப்ரசென்டேடிவ் நம்ம சட்டத்துல அப்பவே வந்தாச்சு, மேஜரான யாரை வேணா எழுதி வச்சுக்கலாம், பெரியப்பா பையனும் ஓகே. ஆனா கையெழுத்து போடுற அந்த தனி ஆள் நம்மகிட்ட இல்ல. செக்‌ஷன் 89ல ஒரு சைக்கியாட்ரிஸ்ட், கூட இன்னொரு மனநல ப்ரொஃபஷனல் இல்லன்னா டாக்டர், தனித்தனியா பாத்து சொன்னா 30 நாள் சேக்கலாம். அந்த "இன்னொரு ஆள்" ரிஜிஸ்டர் ஆன பிஎஸ்டபிள்யூவா கூட இருக்கலாம், நான் பாத்த வரைக்கும் இன்னொரு டாக்டர தான் கூப்பிடுவாங்க. ரிவ்யூ போர்டுல ஜட்ஜ் உண்டு, கலெக்டர் சார்பா ஒருத்தர் உண்டு, டாக்டருங்க உண்டு, சோஷியல் வொர்க்கருக்குன்னு ஒரு நாற்காலி இல்ல.

படிப்பு கதை அதவிட கூத்து. சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்னா யாருன்னு அந்த சட்டமே சொல்லுது, எம்.எஸ்.டபிள்யூ. மேல ரெண்டு வருஷ எம்.பில். முடிச்சிருக்கணும்னு. யூஜிசி 2022ல எம்.பில்.லே வேணாம்னுடுச்சு. அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் நமக்கும் மட்டும் 2025-26 வரைக்கும் நீட்டிச்சாங்க. நான் பெங்களூர் மனநல இன்ஸ்டிடியூட் நிம்ஹான்ஸ் என்ட்ரன்ஸ் மூணு தடவை எழுதினவன், அந்த சீட்டோட அருமை எனக்கு தெரியும். ஏர்வாடி மனநல காப்பகத்துல 2001ல சங்கிலியோட 28 பேர் எரிஞ்சு போனப்போ நான் ஸ்கூல் பையன், ராம்நாடு தான் எங்க ஊரு. ஒருத்தர கட்டி வைக்கணும்னா யாராவது ஒரு ஆள் வந்து "ஏன்"னு கேட்டு எழுதி கையெழுத்து போட்டே ஆகணும்னு அன்னைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தா. அவ்ளோதான். மேனேஜர்ட்ட ஓகே சொல்லுங்க மேடம்.

கடலூர்_பொண்ணு

சார், உங்க கடைசி பாரா படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல.

இன்னைக்கு மேனேஜர்ட்ட பேசினேன். உடனே ஓகே சொல்லல, முதல்ல ஆம்ப் டூட்டில ஒரு நாள் ஷேடோ பண்ணிட்டு சொல்றேன்னேன், வியாழக்கிழமை போறேன். கேஸ்லோட விஷயம் ஈமெயில்ல கேட்டிருக்கேன், மதுரைக்காரருக்கு ஸ்பெஷல் நன்றி. ராத்திரி பூரா செக்‌ஷன் 26 தான் படிச்சேன். எங்க வீட்டுக்காரருக்கு யாரு நியரஸ்ட் ரிலேட்டிவ்னு அவர்ட்டயே டெஸ்ட் வச்சேன், "எங்க மச்சான்"னாரு. என் தம்பிய சொல்றாரு!

பருத்தித்துறை_பெடியன்

மச்சான் வரமாட்டார். நீங்கள்தான் முதல் ஆள். அவரிட்ட சொல்லிவையுங்கோ.